ஓர் ஊரின் மூலப்பத்திரம் யாரிடம் இருக்கிறது?



வீடு வாங்கிய காலத்தில் நம் எல்லோருக்கும் ஒரு பாடம் கிடைத்திருக்கும். வங்கியில் கடன் கேட்டுப் போனபோது கிரயப் பத்திரம் மட்டும் போதாது, மூலப்பத்திரமும் வேண்டும் என்றார்கள். 30 வருட வில்லங்கச் சான்றிதழ் கேட்டார்கள். நடுவில் ஒரு பாகப்பிரிவினைப் பத்திரம் விடுபட்டிருந்தால் வக்கீல் தலையை ஆட்டிவிடுவார். பழைய காகிதம் ஒன்று இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று அன்றைக்கு நமக்கு நன்றாகப் புரிந்தது.

அந்தப் பத்திரத்தை நேரம் கிடைக்கும்போது ஒருமுறை எடுத்துப் பாருங்கள். கடைசிப் பக்கங்களில் சொத்து விவரம் என்று ஒரு பகுதி இருக்கும். கிராமத்தின் பெயர், சர்வே எண், நான்கெல்லை ஆகியவை அதில் வரும். பழைய மூலப்பத்திரமாக இருந்தால் வடக்கே இன்னாருடைய நஞ்சை, கிழக்கே வாய்க்கால், தெற்கே வண்டிப்பாதை என்கிற பாணியில் எழுதியிருப்பார்கள். நாம் இன்றைக்கு வண்டி நிறுத்துகிற இடத்தில் ஒரு காலத்தில் என்ன இருந்தது என்பதற்கு அதுதான் சாட்சி. சொத்துக்காக எழுதிய காகிதம், காலம் போனபின் ஊரின் வரலாறாக ஆகிவிடுகிறது.

நம் சொத்துக்கு மூலப்பத்திரம் இருக்கிறது. நம் சொந்த ஊருக்கு? அந்த ஊர் எப்படி இருந்தது, யார் யார் வாழ்ந்தார்கள், என்ன விலைக்கு நெல் விற்றது, எந்தக் குளத்தை யார் தூர்வாரினார்கள் என்பதற்கான காகிதங்கள் எங்கே இருக்கின்றன? பெரும்பாலும் அரசாங்கத்திடம் இல்லை. ஊர்ப் பக்கத்துப் பூட்டிய வீடுகளின் பரணிலும், டிரங்குப் பெட்டியிலும், பூஜை அறை அலமாரியிலும் இருக்கின்றன. அந்த வீடுகளை விற்று, அந்தப் பெட்டிகளைக் காலி செய்து, அடுக்குமாடிக்கு வந்துகொண்டிருக்கிற தலைமுறை நாம்தான். ஆகவே இது நமக்கான விஷயம்.

கல்லில் எழுதியது நின்றது

காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரை எடுத்துக்கொள்ளுங்கள். சிறிய ஊர்தான். ஆனால் இந்தியாவில் தேர்தல் பற்றிப் பேசுகிறவர்கள் யாரும் அந்த ஊரின் பெயரைச் சொல்லாமல் இருக்க முடியாது. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும், ஊர்ச் சபை தன் விதிகளை வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் வெட்டி வைத்தது. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. தகுதியுள்ளவர்களின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, சிறுவன் ஒருவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். நிலமும் சொந்த மனையில் வீடும் இருக்க வேண்டும், வயது இத்தனைக்குள் இருக்க வேண்டும் என்று நிபந்தனைகள் இருந்தன. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர் மறுபடி நிற்க முடியாது. அவருடைய நெருங்கிய உறவினருக்கும் அதே தடை. நம் சங்கத்தின் ஆண்டுப் பொதுக்குழுவில் பொருளாளரைக் கேள்வி கேட்கிறவர்கள் இந்த விதியை மனப்பாடம் செய்து வைத்துக்கொள்ளலாம்!

இதில் கவனிக்க வேண்டியது வேறொன்று. குடத்துக்குள் போட்ட ஓலைகள் இன்றைக்கு இல்லை. யார் யார் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள் என்று எழுதிய கணக்குச் சுவடிகளும் இல்லை. விதி நின்றது, அதன்படி நடந்த வாழ்க்கை போய்விட்டது. கல்லில் வெட்டுகிற அளவுக்கு முக்கியம் என்று நினைத்ததைத்தான் வெட்டினார்கள். அன்றாடம் எல்லாம் ஓலையில் இருந்தது. ஓலைக்கு ஆயுள் குறைவு. நம் ஊர் வெப்பத்திலும் ஈரத்திலும் சில நூறு ஆண்டுகள் தாங்கினாலே பெரிய விஷயம். அதனால்தான் முன்னோர்கள் பழைய ஏட்டைப் பார்த்துப் புதிய ஏட்டில் திரும்பத் திரும்பப் படி எடுத்தார்கள். படி எடுக்கும் வழக்கம் நின்ற இடத்தில் நூலும் நின்றது.

உ.வே.சாமிநாதையர் ஏடு தேடிப் போன கதைகளில் இந்த வேதனை நிறைய வரும். சங்கரன்கோவில் பக்கத்துக் கரிவலம்வந்தநல்லூரில் பாண்டியர் ஒருவருடைய ஏட்டுத் தொகுதி கோயிலில் இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனார். அங்கே கிடைத்த பதில், பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஹோமத்தில் இட்டுவிட்டோம் என்பது. ஆடிப்பெருக்கன்று ஆற்றில் ஏடுகளை விட்ட கதைகளும் உண்டு. அப்படிச் செய்தவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. புனிதமானதை மரியாதையாக வழியனுப்புவதாக நினைத்துத்தான் செய்தார்கள். இன்றைக்கு நாம் அவ்வளவு மரியாதைகூடக் காட்டுவதில்லை. எடை போட்டு விற்றுவிடுகிறோம்.

கோட்டையூரின் ஒரு வீடு

ஒரு சிற்றூரில் ஒரு மனிதர் காகிதம் சேர்த்து வைத்ததால் என்ன நடந்தது என்பதற்கு நம் காலத்து உதாரணம் ஒன்று உண்டு. காரைக்குடிக்குப் பக்கத்தில் இருக்கிறது கோட்டையூர். வள்ளல் அழகப்பச் செட்டியார் பிறந்த ஊர் என்று பலருக்கும் தெரியும். அதே ஊர்க்காரர்தான் ரோஜா முத்தையா. சென்னையில் விளம்பரப் பலகை எழுதும் ஓவியராக இருந்தவர். ரோஜா என்பது அவருடைய ஓவியக் கடையின் பெயர். அதுவே அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. பிறகு ஊருக்கே திரும்பி, பழைய புத்தகங்களைச் சேர்க்க ஆரம்பித்தார். 1992-ல் காலமாகும் வரை சுமார் 40 ஆண்டுகள் விடாமல் சேர்த்தார்.

அவர் சேர்த்த முறைதான் முக்கியம். இலக்கியம், சமய நூல் என்று உயர்ந்தவற்றை மட்டும் பொறுக்கவில்லை. வார இதழ்கள், நாடக நோட்டீஸ்கள், சினிமாப் பாட்டுப் புத்தகங்கள், வைத்திய நூல்கள், அழைப்பிதழ்கள், படங்கள் என்று அச்சில் வந்த எதையும் விடவில்லை. படித்தவர்கள் மதிக்காத காகிதத்தை அவர் மதித்தார். அவர் மறைந்தபோது அந்த வீட்டில் சுமார் 1 லட்சம் உருப்படிகள் இருந்தன. அதில் பாதிக்கு மேல் இதழ்களும் மற்ற காகிதங்களும் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் செய்தார். பூட்டி வைக்கவில்லை. எங்கெங்கிருந்தோ ஆராய்ச்சியாளர்கள் கோட்டையூருக்கே வந்தார்கள். வர முடியாதவர்கள் தபாலில் கேட்டார்கள். வேண்டிய தகவலைத் தேடி எடுத்து, அதற்கு ஒரு கட்டணம் வாங்கிக்கொண்டு அனுப்பினார். தனி மனிதரின் வீடு ஒரு நூலகத்தின் வேலையைச் செய்தது.

தனி மனிதர் சேர்த்தது அவர் போன பிறகு சிதறுவதுதான் வழக்கம். பிள்ளைகளுக்கு இடம் இருக்காது, வியாபாரி வந்து நல்லதை மட்டும் பொறுக்கிக்கொள்வார், மீதி எடைக்குப் போகும். கோட்டையூரில் அப்படி நடக்கவில்லை. சிகாகோ பல்கலைக்கழகம் மொத்தத் தொகுப்பையும் வாங்கியது. வாங்கியவர்கள் கப்பலேற்றிக் கொண்டுபோகவில்லை. மூலம் தமிழ்நாட்டிலேயே இருக்கட்டும், எங்களுக்குப் படி போதும் என்று முடிவு செய்தார்கள். 1994-ல் தொகுப்பு சென்னைக்கு வந்து ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவானது. இன்று தரமணியில் இருக்கிறது. காகிதங்கள் நுண்படச் சுருளில் எடுக்கப்பட்டன. பிறகு கணினிக்கும் ஏறின.

ரயில் நிலையத்திலும் சந்தையிலும் காலணா அரையணாவுக்கு விற்ற குஜிலிப் பாட்டுப் புத்தகங்களை நம் தாத்தாக்கள் வீட்டுக்குள் சேர்த்திருக்க மாட்டார்கள். கொலை, வெள்ளம், ரயில் விபத்து, விலைவாசி என்று அன்றைய செய்தியெல்லாம் அதில் பாட்டாக இருந்தது. இத்தகைய புத்தகங்களைச் சான்றாக வைத்து ஆ.இரா.வேங்கடாசலபதி ‘முச்சந்தி இலக்கியம்’ என்றொரு நூலே எழுதினார். குப்பை என்று நினைத்ததை யாரோ எடுத்து வைத்ததால்தான் அப்படிப்பட்ட ஒரு நூல் எழுத முடிந்தது.

ஒரு பேரேட்டில் ஒரு தேசம்

கோட்டையூர் உள்ள அதே செட்டிநாட்டில், வீட்டுக்கு வீடு இன்னொரு வகைக் காகிதம் இருந்தது. கணக்கு. நகரத்தார் பர்மா, மலேயா, இலங்கை என்று கொண்டுவிற்கப் போனவர்கள். சிட்டை, பேரேடு, ஐந்தொகை என்று கணக்கு எழுதுவதில் அவர்களுக்கு இணையில்லை. ஒவ்வொரு கடைக்கும் ஒரு விலாசம்; அந்த எழுத்துகள் கணக்குப் புத்தகத்தின் தலையிலும் இருக்கும், வீட்டுப் பித்தளை அண்டாவின் கழுத்திலும் வெட்டியிருக்கும்.

அந்தப் பேரேடு ஏன் முக்கியம்? தென் பர்மாவின் முக்கியமான நெல் மாவட்டங்களில் 1930-ல் சுமார் 6 சதவீத நிலம் செட்டியார்களிடம் இருந்தது. 1930-களின் இறுதியில் அது சுமார் 25 சதவீதம் ஆயிற்று. உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை விழுந்தது. கடன் வாங்கிய விவசாயிகளால் திருப்பிக் கட்ட முடியவில்லை. அடமானத்தில் இருந்த நிலம் கடன் கொடுத்தவர் கைக்கு வந்தது. பர்மா விவசாயிக்கு அது பெரும் காயம். 1942-ல் ஜப்பானியப் படை வந்தபோது எல்லாவற்றையும் விட்டுவிட்டு நம்மவர்கள் நடந்தே திரும்பினார்கள். அரசாங்க அறிக்கையில் மொத்த சதவீதம் இருக்கும். எந்த ஊரில், எந்த ஆண்டில், யாருக்கு, என்ன வட்டிக்குக் கொடுத்தார்கள், எப்போது அது நிலமாக மாறியது என்பதெல்லாம் பேரேட்டில்தான் இருக்கும். சிவகங்கைச் சீமையின் ஒரு மரப்பெட்டியில் ஐராவதி ஆற்றங்கரையின் வரலாறு தூங்கிக்கொண்டிருக்கலாம்.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போனவர்களுக்குத் தெரியும். இடித்த வீடுகளின் கதவு, தூண், எனாமல் கிண்ணம், பீங்கான் ஜாடி, கட்டம் போட்ட புகைப்படம் எல்லாம் அங்கே விற்பனைக்கு வரும். யாரோ ஒருவருடைய பாட்டியின் கல்யாணப் படம் இன்று ஓர் உணவு விடுதியின் சுவரில் அழகுக்காகத் தொங்குகிறது. பொருள் அழியவில்லை, உண்மைதான். ஆனால் அது யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்கிற செய்தி அழிந்துவிட்டது. அது போனபின் அந்தப் படம் அலங்காரப் பொருள், ஆவணம் இல்லை. இதை நாம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பழைய பொருளைக் காப்பாற்றுவது பாதி வேலை. அதோடு சேர்ந்த தகவலைக் காப்பாற்றுவது மறுபாதி.

தரங்கம்பாடி கற்றுக்கொடுப்பது

காகிதம் பத்திரமாக இருந்தும் ஊருக்குக் கிடைக்காமல் போகலாம். அதற்குத் தரங்கம்பாடி உதாரணம். 1620-ல் தஞ்சை ரகுநாத நாயக்கருக்கும் டென்மார்க் அரசருக்கும் ஏற்பட்ட உடன்பாட்டால் அங்கே டேனியர் கோட்டை கட்டினார்கள். அப்போது நாயக்கர் தங்க ஓலையில் அனுப்பிய தமிழ்க் கடிதம் கோபன்ஹேகனில் அந்நாட்டு ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. டேனிஷ் வாணிகக் கம்பெனிகளின் ஆவணங்கள் மொத்தமும் 1997-ல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பட்டியலில் சேர்ந்தன. 1706-ல் வந்த சீகன்பால்கு, தான் திரட்டிய தமிழ்ச் சுவடிகளுக்கு 1708-லேயே விளக்கப் பட்டியல் ஒன்று எழுதினார். அவர் வழி வந்த சுவடிகளும் கடிதங்களும் ஜெர்மனியில் ஹாலே நகரத்தில் பாதுகாக்கப்படுகின்றன. 1845-ல் டேனியர் தரங்கம்பாடியையும் வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்து 12½ லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள். ஊர் கைமாறியது, ஊரின் காகிதத்தில் பெரும்பகுதி கடல் கடந்து போயிற்று.

அங்கே போனதால் அவை பிழைத்தன என்று சொல்பவர்கள் உண்டு. 300 ஆண்டுகளாகப் பூச்சி அரிக்காமல் இருக்கிறதே என்பார்கள். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் தரங்கம்பாடிப் பள்ளியில் படிக்கும் ஒரு பெண் தன் தெருவின் கதையைத் தேடினால் கோபன்ஹேகனுக்கா போக முடியும்? மூலம் எங்கே இருக்கிறது என்பதைவிட, ஊர்க்காரர் கைக்கு ஒரு படியாவது வருகிறதா என்பதே பெரிய கேள்வி.

படியின் அருமையை நம் காலத்தில் மிகக் கொடுமையாக உணர்ந்தவர்கள் யாழ்ப்பாணத்தார். 1981-ல் யாழ் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்கள் சாம்பலாயின. வேறெங்கும் படி இல்லாதவை திரும்பி வரவேயில்லை. 2005-ல் தொடங்கிய நூலகம் என்ற இணையத் திட்டம், இலங்கைத் தமிழரின் புத்தகங்கள், இதழ்கள், கோயில் மலர்கள், நினைவு மலர்கள் வரை மின்வடிவாக்கி யாரும் படிக்கும்படி வைக்கிறது. பல்லாயிரம் ஆவணங்கள் அதில் ஏறிவிட்டன. ஒரு மரண வீட்டு நினைவு மலரில் ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறை வரலாறு இருக்கும் என்பதை அவர்கள் சரியாகப் புரிந்துகொண்டார்கள்.

வீட்டில் இருந்தபடியே படியெடுத்தல்

அப்படியானால் எல்லோரும் காகிதத்தை நூலகத்துக்குக் கொடுத்துவிட வேண்டுமா? அவசியமில்லை. பாட்டனார் கையெழுத்தைப் பிரிய மனம் வராது, நியாயம்தான். அதற்கும் வழி இருக்கிறது. பிரிட்டிஷ் நூலகம் 2004 முதல் அழியும் நிலையில் உள்ள ஆவணங்களுக்காக ஒரு திட்டம் நடத்துகிறது. மூலம் நாட்டை விட்டுப் போகக் கூடாது, படம் எடுத்து இணையத்தில் திறந்து வைக்க வேண்டும் என்பது அதன் விதி. அந்த உதவியோடு புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் தமிழ்நாட்டில் ஊர்ப் பஞ்சாயத்துத் தீர்ப்புகளையும் நிலம், சாகுபடி தொடர்பான ஆவணங்களையும் தேடிப் போனார்கள். குடும்பங்களிடம் இருந்த ஓலையையும் காகிதத்தையும் படம் பிடித்தார்கள். பழைய ஸ்டுடியோக்களின் குடும்பப் படங்களுக்கும் தனியாக ஒரு திட்டம் நடந்தது. குடும்பத்துக்கு மூலம், உலகத்துக்குப் படி. இதைவிட நியாயமான ஏற்பாடு வேறில்லை.

தயங்குவதற்கு வேறு காரணமும் இருக்கலாம். பழைய காகிதத்தில் பெருமை மட்டும் இருக்காது. அடமானம், வழக்கு, சொத்துத் தகராறு இருக்கும். சில வீடுகளில் ஆட்களை விற்ற அடிமை ஓலைகூட இருக்கும். நம் நாட்டில் அடிமை முறைக்குச் சட்டப் பாதுகாப்பு போனது 1843-ல்தான். வெட்கமாக இருக்கிறது என்று அதைக் கிழித்துப் போட்டால், விற்கப்பட்டவர்களின் பெயர் இருந்த ஒரே இடமும் போய்விடுகிறது. பெட்டியும் பத்திரமும் வைத்துக்கொள்ள வழியில்லாத மக்களின் வரலாறு பல சமயம் மற்றவர்களின் பெட்டிக்குள்தான் இருக்கிறது. வாழ்பவர்களுக்குச் சங்கடம் தரும் காகிதத்தை இப்போதே பொதுவில் வைக்க வேண்டாம்; இத்தனை ஆண்டு கழித்துத் திறக்கலாம் என்று குறித்து வைக்கலாம். அழிக்க மட்டும் வேண்டாம்.

நாம் செய்யக்கூடியவை

பெரிய செலவு எதுவும் இல்லை. சில பழக்கங்கள் போதும்.

1. ஊர் வீட்டைக் காலி செய்யும்போது காகிதத்தைக் கடைசியாகத் தொடுங்கள். மரச்சாமானை ஒரே நாளில் பிரித்துவிடலாம்; பெட்டிக்கு ஒரு வாரம் ஒதுக்குங்கள். எந்தப் பெட்டியில் எது எதோடு சேர்ந்து இருந்தது என்பதும் ஒரு தகவல். கட்டைப் பிரிக்கும் முன் அப்படியே ஒரு படம் எடுத்துவிடுங்கள்.

2. எதைப் பாதுகாக்கலாம் என்று சந்தேகம் வந்தால் இந்தப் பட்டியலைப் பாருங்கள்: கடிதங்கள், மொய் நோட்டு, மளிகைக் கணக்கு, ரேஷன் கார்டு, பள்ளிச் சான்றிதழ், கல்யாணப் பத்திரிகை, கோயில் திருவிழா நோட்டீஸ், ஜாதகக் கட்டு, வரி ரசீது, குத்தகைச் சீட்டு, பழைய டைரி. 1950-ல் ஒரு வீட்டில் மாதம் எவ்வளவு அரிசி வாங்கினார்கள் என்பதை எந்தப் பாடப்புத்தகமும் சொல்லாது. மொய் நோட்டு சொல்லிவிடும், எந்த ஊரோடு எந்த ஊருக்கு உறவு இருந்தது என்று.

3. பழைய பாத்திரத்தை எடைக்குப் போடும் முன் அதன் விளிம்பைப் பாருங்கள். பெயர், ஊர், தேதி வெட்டியிருக்கும். குறைந்தது அந்த எழுத்தையாவது படம் எடுத்து வையுங்கள். எழுத்துள்ள பழைய செம்பு, பித்தளையைப் புளி போட்டு அழுத்தித் தேய்க்க வேண்டாம். பளபளப்பு வரும், எழுத்து போகும்.

4. லேமினேஷன் செய்யாதீர்கள். நல்லெண்ணத்தில் நிறையப் பேர் செய்கிற காரியம் இது. சூட்டில் பிளாஸ்டிக் காகிதத்தோடு ஒட்டிக்கொண்டால் பிறகு பிரிக்க முடியாது. செல்லோ டேப்பும் வேண்டாம். பசை பழுப்பாகி எழுத்தையே தின்றுவிடும். ஜெம் கிளிப், ஸ்டேப்ளர் பின் துருப்பிடிக்கும், எடுத்துவிடுங்கள். மடித்ததை மெல்லப் பிரித்துத் தட்டையாக வையுங்கள். செய்தித்தாள் வெட்டுகளைத் தனி உறையில் வையுங்கள். மரக்கூழ்க் காகிதம் தானும் பழுத்து, பக்கத்தில் உள்ளதையும் பழுக்க வைக்கும்.

5. குளியலறைச் சுவரை ஒட்டிய அலமாரியும், மொட்டை மாடிக்குக் கீழே உள்ள பரணும் காகிதத்துக்கு எதிரி. ஒன்று ஈரம், மற்றது சூடு. காற்றோட்டமுள்ள அறையில், தரையிலிருந்து உயரத்தில், சுத்தமான பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். வேப்பிலை, வசம்பு வைத்த பாட்டியின் யோசனை பூச்சிக்கு நல்லதுதான். ஓலைச்சுவடி இருந்தால் நீங்களாக எண்ணெய் தடவிச் சுத்தம் செய்ய வேண்டாம். தெரிந்தவர்கள் புல் தைலமும் மையும் கொண்டு முறையாகச் செய்வார்கள்.

6. புகைப்படத்தின் பின்னால் மென்மையான பென்சிலால் எழுதுங்கள். யார், எந்த ஊர், எந்த ஆண்டு, என்ன விசேஷம், இடமிருந்து வலமாகப் பெயர்கள். இதை இந்த வருடமே செய்யுங்கள். அந்த முகங்களை அடையாளம் சொல்லக்கூடியவர்களுக்கு இப்போது 80 வயதைத் தாண்டியிருக்கும்.

7. கைபேசியில் படியெடுக்கும்போது ஜன்னல் பக்கத்து வெளிச்சம் போதும், ஃபிளாஷ் வேண்டாம். நேர் மேலிருந்து, காகிதத்தின் நான்கு ஓரமும் தெரியும்படி எடுங்கள். பக்கத்தில் ஓர் அளவுகோல் வைத்தால் அளவு தெரியும். பின்பக்கத்தையும் எடுங்கள்; முத்திரையும் கணக்கும் அங்கேதான் இருக்கும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் தரம் குறைந்துவிடும், ஃபைலாக அனுப்புங்கள். ஒரே கணினியில் வைக்காமல் மூன்று இடத்தில் வையுங்கள். அதில் ஒன்று வேறு ஊரில் உள்ள உறவினரிடம் இருக்கட்டும்.

8. கொடுக்க நினைப்பவர்கள் ரோஜா முத்தையா நூலகம், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தமிழ் மின்னூலகம், மாவட்ட அரசு அருங்காட்சியகம் போன்ற இடங்களில் பேசிப் பார்க்கலாம். கொடுக்கும்போது எந்த வீட்டில் எப்படிக் கிடைத்தது என்று ஒரு பக்கம் எழுதிச் சேர்த்துக் கொடுங்கள். யாருடைய பெயரில் பட்டியலில் ஏறும், யார் பார்க்கலாம் என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

சட்டம் பற்றி இரண்டு வார்த்தை. 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி 100 ஆண்டுக்கு மேற்பட்ட சிலை, நாணயம் போன்றவையும், 75 ஆண்டுக்கு மேற்பட்ட வரலாற்று மதிப்புள்ள கையெழுத்துப் படிகளும் ஆவணங்களும் தொல்பொருள் கணக்கில் வரும். தனியார் அவற்றை வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. வெளிநாட்டில் உள்ள பிள்ளைகளுக்குப் பழைய பூஜை விக்கிரகத்தைக் கொடுத்தனுப்ப நினைப்பவர்கள் கவனிக்கவும். வீடு இடிக்கும்போது மண்ணுக்குள்ளிருந்து ஏதேனும் கிடைத்தால், 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். 10 ரூபாய்க்கு மேல் மதிப்பிருந்தாலே அந்தச் சட்டம் பொருந்தும்.

நம் சங்கத்துக்கு ஒரு யோசனை

நம் குடியிருப்பில் எத்தனை ஊர்க்காரர்கள் இருக்கிறோம் என்று எண்ணிப் பாருங்கள். மதுரைப் பக்கம், நெல்லைப் பக்கம், தஞ்சை, கொங்கு, வட ஆற்காடு என்று ஒவ்வொரு தளத்திலும் ஒரு மாவட்டம் இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, சமுதாயக் கூடத்தில், வீட்டுக்கு ஒரு பழைய காகிதமோ படமோ பாத்திரமோ கொண்டுவரலாம். பெரியவர்கள் அதன் கதையைச் சொல்லட்டும். பிள்ளைகள் கைபேசியில் குரலைப் பதிவு செய்யட்டும், படம் எடுக்கட்டும். படிக்க முடியாத பழைய கையெழுத்தைப் படித்துச் சொல்ல, பதிவுத் துறையிலும் பள்ளியிலும் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர்கள் நம்மிடையே இருந்தால் அவர்கள் உதவி பெரிது. கூடவே, நம் குடியிருப்பு நிற்கும் மனையின் மூலப்பத்திரத்திலிருந்து நான்கெல்லைப் பக்கத்தை மட்டும் படியெடுத்து அலுவலகத்தில் மாட்டி வைக்கலாம். நாம் எந்தக் கிராமத்தின் மேல் வாழ்கிறோம் என்று பிள்ளைகளுக்குத் தெரியட்டும். நம் சங்கத்தின் முதல் பொதுக்குழுத் தீர்மானப் புத்தகம், முதல் வரவு செலவுக் கணக்கு, கட்டடம் எழும்பியபோது எடுத்த படங்கள் ஆகியவற்றுக்கும் இப்போதே ஓர் உறை போடுவோம். 50 ஆண்டு கழித்து அவையும் ஆவணம்தான்.

கோட்டையூரில் ஒரு தனி மனிதர், கையில் பெரிய பணமில்லாமல், யாரும் கேட்காத காகிதத்தை 40 ஆண்டுகள் காத்தார். கேட்டவர்களுக்கு மறுக்காமல் எடுத்துக் கொடுத்தார். நம்மிடம் ஆளுக்கொரு பெட்டிதான் இருக்கிறது. தீபாவளிக்கு வீட்டைச் சுத்தம் செய்யும்போது பழைய பேப்பர்காரரைக் கூப்பிடுவீர்கள். கூப்பிடும் முன் அந்தப் பெட்டியை ஒருமுறை திறந்து பாருங்கள். உள்ளே என்ன கிடைத்தது என்று அடுத்த இதழுக்கு எழுதி அனுப்புங்கள். படத்தோடு அனுப்பினால் இன்னும் மகிழ்ச்சி.